முப்பத்து நான்கு டிகிரி

சோற்றுத் தட்டை ஏந்துவதுபோல் இரண்டு கைகளாலும் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் சென்னம்மாள்.

புதுச்சத்திரத்தில் ஒரு கோழிப்பண்ணை. சென்னம்மாள் அங்கே வேலை செய்பவர். தீவன மூட்டைகள் அடுக்கிய அறை. கோடை வெயிலில் கோழிகளைக் காப்பாற்றுவது எப்படி என்று பண்ணையாட்களுக்குச் சொல்லித்தரும் பாடம் ஒன்றை, நானும் யாழினியும் ஆளுக்கொரு விதமாகச் செய்து சேலத்திலிருந்து கொண்டுவந்திருந்தோம். எது எடுபடுகிறதோ அதே பாணியில்தான் மீதிப் பன்னிரண்டு பாடங்களும். அதைச் செய்தவள்தான் இனிமேல் குழுவுக்குத் தலைவி.

எட்டு வருடமாக இந்தக் கம்பெனியில் இருப்பவள் நான். யாழினி வந்து ஆறு மாதம்.

இரண்டு பாடங்களையும் டேப்பில் ஏற்றிக் கொண்டுவருவது, மூத்தவள் என்பதால், என் வேலை.

முதலில் என்னுடையதைக் காட்டினோம். படம் ஓடும், என் குரல் பேசும், முடிந்ததும் ‘அடுத்து’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். சென்னம்மாள் சொன்னபடி நான்கு முறை அழுத்தினார். என்ன புரிந்தது என்று கேட்டேன். குரல் நன்றாக இருக்கிறது என்றார்.

பிறகு யாழினியுடையது. அதில் குரலே இல்லை. கூண்டில் ஆறு கோழிகள், பக்கத்தில் ஒரு வெப்பமானி. அதன் சிவப்புக் கோட்டை விரலால் மேலே இழுக்க இழுக்கக் கோழிகள் மாறும். அவ்வளவுதான்.

இதில் என்ன இருக்கிறது என்றுதான் அலுவலகத்தில் நான் சொன்னேன். எங்கள் மேலாளரோ சின்னப்பிள்ளை மாதிரி அதைப் பத்து நிமிடம் ஏற்றி இறக்கி விளையாடினார். என் பாடம் ஓடியபோது போனை நோண்டிக்கொண்டிருந்தவர் அவர்.

இது ஏன் எனக்குத் தோன்றாமல் போயிற்று? ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமை என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு வேறு பெயர் இல்லை.

சென்னம்மாள் கோட்டை இழுத்தார். இருபத்தைந்து, இருபத்தெட்டு, முப்பது. கோழிகள் தண்ணீர்க் குழாயிடம் முண்டியடித்தன. கீழே இறக்கினார். விலகின. மறுபடி ஏற்றினார். முண்டியடித்தன.

“அட, நம்ம கொட்டாய்க் கோழியேதானுங்க!”

யாழினி என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

முப்பத்து நான்கில் கோடு நின்றது.

சென்னம்மாள் இழுத்தார். நகரவில்லை. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு இழுத்தார். நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு இழுத்தார். கோழி சிறகை விரிப்பதும் வாயைப் பிளப்பதும் அதற்கு மேலேதான் வரும். எந்தச் சூட்டில் தண்ணீர் தெளிக்க வேண்டுமோ, அங்கே கோட்டைக் கொண்டுபோய் நிறுத்தினால்தான் பாடம் முடியும்.

யாழினியின் கை டேப்பை நோக்கி நீண்டது. நான் அவளைப் பார்த்தேன். சோதனையின்போது படிப்பவர் கையில் இருப்பதை நாம் தொடவே கூடாது. அவள் வேலைக்கு வந்த முதல் நாள் நான் சொல்லிக்கொடுத்த விதி அது. கையை எடுத்துக்கொண்டாள்.

“றெக்கைய விரிக்கறதுக்கு முந்தியே தண்ணி அடிச்சுப்போடோணுங்க, அது எனக்குத் தெரியுது. இந்த விரலுதான் தேஞ்சு போச்சுங்க சாமி. ரேசன் கடையிலயும் இதே ரோதனதான், ரேகை உழுகறதில்லீங்க.”

விரலை நீட்டிக் காட்டினார். முப்பது வருடமாகக் கூண்டுக் கம்பியிலும் முட்டை அட்டையிலும் தேய்ந்த விரல். வழவழவென்று இருந்தது.

பண்ணைக்காரர் தீர்த்தகிரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் கொட்டகைக்குச் சென்னம்மாளைத்தான் மேற்பார்வைக்குப் போடப்போகிறேன் என்று காலையில் எங்களிடம் பெருமையாகச் சொன்னவர்.

“அங்க விசிறி, தண்ணி எல்லாமே தொடுதிரைதானுங்க. விரல் எடுக்கற ஆளாப் பாத்துப் போட்டுக்கறேன்,” என்றார் இப்போது.

சென்னம்மாள் டேப்பை என்னிடம் நீட்டி, கெடுத்துவிட்டேனா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். வாங்கியதும் அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஆண்டகளூர் கேட் தாண்டியதும் யாழினி மெதுவாகச் சொன்னாள்.

“நீங்க செஞ்சதுதான் சரிக்கா. அவங்க விரலை நான் யோசிக்கவே இல்ல. என்னோடதை எடுத்துடலாம்.”

அவள் கண்கள் கலங்கியிருந்தன. ஒரு வாரமாக நான் ஏங்கியது இந்த வார்த்தைகளுக்குத்தான். பரவாயில்லை விடு என்று அவள் தோளைத் தட்டினேன்.

அதே விரல்தான் என் பொத்தானை நான்கு முறை அழுத்தியது, அதே விரல்தான் கோட்டை முப்பத்து நான்கு வரை சிரமமில்லாமல் ஏற்றியது என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

காலையில் சேலம் பஸ் நிலையத்தில் அவளுக்காகக் காத்திருந்தபோது, கோட்டின் உச்சியாக அவள் வைத்திருந்த நாற்பத்திரண்டை அழித்துவிட்டு முப்பத்து நான்கு என்று போட்டவள் நான். பாடத்தில் பழுது என்பார்கள், நாலு பேர் முன்னால் அவள் முகம் சுண்டிப்போகும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

சென்னம்மாள் தன் விரலைக் குற்றம் சொல்வார் என்பது எனக்குத் தோன்றவில்லை.