போடாத கையெழுத்து

"அந்தம்மா வீட்டு மணியை மட்டும் அடிக்காதே, புர்கி. வாயில விழுந்து எந்திரிக்க முடியாது" என்றான் க்விரின்.

நான் அடித்துவிட்டேன்.

ம்யூனிக் நகரத்து ஆற்றில், பாலத்தடியில் எழும்பும் அந்த ஓர் அலையில் பலகை வைத்துச் சறுக்குவதுதான் எங்கள் உயிர். அது ஆபத்தாம். தடுப்புப் போட்டு அலையையே இல்லாமல் செய்யப் போகிறார்களாம். வியாழக்கிழமை நகராட்சியில் விசாரணை. நாங்கள் தட்டி எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம்.

ஷ்டாங்கல் அம்மா வாசலில் நின்றபடியே மனுவை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"'இங்கே யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லை'ன்னு போட்டிருக்கியே, எழுதி வச்சிருக்கியா?"

"எழுதலை. ஆனா எங்களுக்குத் தெரியும்மா."

"உனக்குத் தெரிஞ்சா ஆச்சா? நான் கையெழுத்துப் போட மாட்டேன், போ."

கதவைச் சாத்திக்கொண்டார்.

"சொன்னேன்ல? நம்மளைக் கண்டாலே கரிச்சுக் கொட்டும். சாயங்காலமானா ஆத்தைப் பார்த்த ஜன்னல்ல நின்னு முறைக்கும்" என்றான் க்விரின்.

அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவர் மாதிரியே முகத்தைச் சுளித்து நடித்துக் காட்டி நான்தான் கைதட்டல் வாங்கினேன்.

வியாழக்கிழமை, அதிகாரி எங்கள் எட்டாயிரம் கையெழுத்தையும் ஓரமாக நகர்த்தினார்.

"ஆசை இருக்கு, சரி. ஆபத்து இல்லைங்கிறதுக்கு ஆதாரம் எங்கே?"

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஷ்டாங்கல் அம்மா எழுந்து வந்தார், இரண்டு பை நிறைய நோட்டுப் புத்தகங்களோடு.

"செத்தோம்!" க்விரின் என் காதைக் கடித்தான். "என்னிக்கு எத்தனை மணிக்குக் கத்தினோம்னு குறிச்சு வச்சிருக்கும்."

இருக்கும். அக்கம்பக்கத்துச் சத்தத்தைத் தேதி போட்டு எழுதிவைத்துப் புகார் கொடுப்பதில் எங்கள் ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

அதிகாரி ஒரு நோட்டைப் புரட்டினார். இன்னொன்றை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இருபத்து மூணு வருஷமாவா எழுதுறீங்க?"

"எழுதாம படுத்தா எனக்குத் தூக்கம் வராதுங்க."

"தடுப்பு வேண்டாம்னு நானே எழுதி அனுப்புறேன்" என்றவர், நோட்டை என் பக்கம் நீட்டினார். "எல்லாருக்கும் கேக்கிற மாதிரி படிம்மா."

ஒன்றும் புரியாமல் வாங்கினேன். ஒரு வரி பார்த்ததுமே அந்த அம்மாவை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது. நிமிர்ந்து பார்க்கத்தான் முகமில்லை. எப்படியோ படித்தேன்:

"ஜனவரி ஆறு. மாலை நாலரை. நல்ல பனி. தண்ணீரில் ஒன்பது பிள்ளைகள். ஒன்பதும் கரையேறிவிட்டன. கடவுளே, நன்றி."