மத்தியான மாத்திரை

“இதுல இருக்கிறதை எல்லாம் அழிச்சுட்டு புது சாஃப்ட்வேர் போட்டுக் குடுங்க தம்பி” என்று போனை நீட்டினாள் அந்தப் பெண். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் சர்வீஸ் கடை வைத்திருக்கிற எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே சந்தேகம் வந்துவிடும். இப்படி வருவதில் பாதிக்குப் பாதி திருட்டுப் போன்தான்.

கேபிளைச் செருகி, கம்ப்யூட்டரில் போனை மொத்தமாக அழித்துப் புதிதாக ஏற்றும் ஃபிளாஷ் டூலைத் திறந்ததுமே போன் பேச ஆரம்பித்துவிட்டது.

“அண்ணே, என்னை அழிச்சுடாதீங்க. இந்தப் பொம்பளையை எனக்குத் தெரியாது. என்னைத் திருடிட்டு வந்திருக்கு.”

அவள் பதறவில்லை. “அப்படிச் சொல்லச் சொல்லி என் வீட்டுக்காரர் பழக்கி வெச்சிருக்கார். நான் எங்க போனாலும் இதுதான் அவர்கிட்ட போட்டுக் குடுக்குது.”

திருடியும் இதையேதான் சொல்வாள்.

“போலீஸைக் கூப்பிடட்டுமா அண்ணே?” என்றது போன்.

யாரை நம்புவதென்று தெரியாமல் மவுஸில் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். மணி இரண்டானது.

“தவமணி அக்கா, மத்தியான சுகர் மாத்திரையை இன்னும் போடலயே” என்றது போன், பழக்க தோஷத்தில்.

ஸ்டார்ட்டை அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் போன் எதுவுமே தெரியாததுபோல எழுந்து, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. அவள் அதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்களுக்கு நடுவே நடந்து மறைந்தாள்.

என் சட்டைப் பையில் இருந்த என் போன் மெதுவாகக் கேட்டது.

“அண்ணே, தவமணி அக்கா எந்தப் பஸ்ல ஏறினாங்க?”