பதினெட்டாயிரம் குறைகிறது

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சோபனா அழும் சத்தம் முனிரத்தினத்துக்குக் கேட்டது.

மேசையில் சாய்த்து வைத்த போனின் திரையில், காக்கிச் சட்டையும் முறுக்கு மீசையுமாக ஓர் அதிகாரி இந்தியில் உறுமிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே சோபனா கைகூப்பி உட்கார்ந்திருந்தாள்.

போன வாரம்தான் கம்பெனியில் கூட வேலை பார்க்கும் ஜெயப்பிரகாஷ் முனிரத்தினத்திடம் சொல்லியிருந்தான். இப்படித்தான் போலீஸ் வேஷத்தில் எவனோ வீடியோவில் வந்து, 'உன் பேரில் கேஸ் இருக்கு' என்று மிரட்டி, அவன் மாமனாரின் பென்ஷன் பணத்தைச் சுத்தமாக உருவிவிட்டானாம்.

இவர்கள் கணக்கில் இருந்தது நாற்பத்திரண்டாயிரம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் முனிரத்தினம் ஓவர்டைம் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட பிரியாணி வாங்காமல் சேர்த்தது. பொங்கலன்றே இருவரும் உட்கார்ந்து முடிவு செய்திருந்தார்கள். முதலில் அடகில் இருக்கும் மூன்று சவரன் சங்கிலி, அடுத்து மகள் தமிழினியின் காலேஜ் ஃபீஸ், அதற்கப்புறம் வீட்டுக் கடன். முதல் படியிலேயே பதினெட்டாயிரம் குறைந்தது. திங்கட்கிழமைக்குள் அறுபதாயிரம் கட்டாவிட்டால் சங்கிலி ஏலத்துக்குப் போய்விடும்.

"கட் பண்ணுடி! அவன் போலீசே இல்ல!" என்று கிசுகிசுத்தான்.

"கம்முனு இருங்க. சாப் பேசிட்டிருக்காருல்ல?"

'சாப்'பாம், அய்யாவாம்! வாணியம்பாடியில் பக்கத்து வீட்டு தில்ஷாத்தோடு விளையாடி வளர்ந்தவள். உருது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு; அதனால் இந்தியும் வரும். வேறு யாராவது என்றால் இந்தி தெரியாது என்று போனை வைத்துத் தொலைத்திருப்பார்கள். இவளுடைய உருதே இன்று குடியைக் கெடுக்கப் போகிறதே என்று நொந்துகொண்டான்.

அவனுக்குப் புரிந்தது மூன்றே சொற்கள். அரெஸ்ட். அக்கவுண்ட். ஹஜார். ஹஜார் என்றால் ஆயிரம். தோல் வியாபாரிகள் வாயில் தினமும் கேட்பது. அந்த ஹஜாரைத்தான் சோபனா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு மூக்கை உறிஞ்சியபடி பாஸ்புக்கைப் பிரித்து, கணக்கு எண்ணை நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

"அடிப்பாவி! நம்பரையா குடுக்குற?"

போனைப் பிடுங்கப் பாய்ந்தான். அவள் முழங்கையால் அவனைத் தடுத்துவிட்டு இன்னும் பெரிதாகக் குரலெடுத்து அழுதாள். அந்த அழுகைக்கு அதிகாரியின் மீசைகூடக் கொஞ்சம் இறங்கியது.

டிங்.

"போச்சு!" முனிரத்தினம் தலையில் கை வைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

சோபனா அழைப்பைத் துண்டித்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"இன்னாத்துக்கு இப்ப பேஜாராவுறீங்க? மெசேஜப் படிங்க."

படித்தான். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி படித்தான். இருப்பு, அறுபதாயிரம்.

"மூணு சவரன முப்பதுன்னு சொன்னேன். பதினெட்டாயிரம் குறையுது சாப், அது மட்டும் இருந்தா நகைய மீட்டு, அத்தனையும் வித்து உங்களுக்கே அனுப்பிடறேன்னு அழுதேன். பாவம், அவனே போட்டுட்டான்."

முனிரத்தினம் மெசேஜை மூன்றாம் தடவை படித்தான்.

"நாளைக்கு இவனோட மேலதிகாரி பேசுறாராம்" என்றாள் சோபனா. "அவரு ரேங்குக்கு எவ்ளோ கேக்கலாம்?"