கழற்றிய மெட்டி

வயிற்றிலிருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது, ஆபரேஷன்தான் வழி என்று டாக்டர் சொன்னதும் பொற்கொடி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஊசிக்கே கண்ணை மூடிக்கொள்கிறவள். "சம்மதம்னா மெட்டியக் கழட்டணும்மா," என்றாள் நர்ஸ். வீங்கிய விரலில் மெட்டி அசையவில்லை. கணவன் சேது சோப்பைக் குழைத்துக்கொண்டு வந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள். "பயமா இருக்குங்க." "எனக்கும்தான்." மானிட்டரின் டக் டக் மறுபடி தளர்ந்தது. வயிற்றைத் தடவியபடியே, கல்யாணத்தன்று அம்மிமேல் வைத்ததுபோலக் காலை அவன் மடியில் வைத்தாள். "டாக்டர்கிட்ட சரின்னு சொல்லிடுங்க. மெதுவா கழட்டுங்க." ஆபரேஷன் முடிந்து வெளியே நர்ஸ் குழந்தையை நீட்டியபோது மெட்டி இருந்த அவன் கை மூடியே இருந்தது. "கையத் திறங்க சார், பிள்ளைய வாங்கணும்ல." "அவ வரட்டும், திறக்கிறேன் சிஸ்டர்," என்று மூடிய கையோடே குழந்தையை ஏந்திக்கொண்டான்.