பல் பழகிய நூல்

பல் மருத்துவமனை நாற்காலியின் வெள்ளை விளக்கு தில்லையம்மாளின் திறந்த வாய்க்குள் இறங்குகிறது. பட்டுத் தறியில் அறுந்த இழையை முடிந்துவிட்டு மிச்ச நுனியைப் பல்லாலேயே கடித்துத் துப்புகிறவள் அவள். கடிபட்டுக் கடிபட்டுக் கீழுதட்டின் உட்புறம் பட்டாணி போலத் திரண்டிருந்த சதை, இப்போது மருந்துக் குப்பியில் வெளுத்து மிதக்கிறது. கதவோரம் நிற்கும் கணவர் சிவராஜ் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "டாக்டரம்மா, கேன்சரு கீன்சரு இல்லையே?" "அதெல்லாம் இல்ல சார், வெறும் நார்க்கட்டி. லேபுக்கு அனுப்பறது வழக்கம், அவ்ளோதான். பல்லால நூல் கடிக்கிறத விட்டுட்டாங்கன்னா திரும்ப வராது," என்கிறார் டாக்டர் துர்கா, கையை நிறுத்தாமல். தில்லையம்மாள் கண்ணாலேயே சரி என்கிறாள். மரத்துப்போன உதட்டுக்குள் வளைந்த ஊசி நுழைந்து வெளியே வருகிறது. தையல் போடும் கறுப்பு நூலும் பட்டுதான். விளக்கில் அதன் மினுக்கம் அவளுக்குத் தெரிகிறது. முடிச்சு இறுகுகிறது. துர்கா மிச்ச நூலை இழுத்துப் பிடிக்கிறார், அது முன்பல்லில் லேசாக உரசுகிறது. அவர் மறு கையால் கத்தரியை எடுத்துத் திரும்புவதற்குள் தில்லையம்மாளின் வாய் ஒரு கணம் மூடித் திறக்கிறது. நூல் முடிச்சை ஒட்டிச் சுத்தமாக அறுந்திருக்கிறது.