கூடத்துப் போட்டோ

இரண்டு படங்களையும் போனில் மாற்றி மாற்றித் தள்ளிப் பார்த்தாள் மைதிலி.

ஒன்று, மூன்று வருஷத்துக்கு முன்னால் பொங்கலன்று டிவியில் போட்ட ‘மேலண்டை வீடு’ படத்திலிருந்து போனில் எடுத்தது. இன்னொன்று, அது நன்றாக ஓடியதென்று அதே பெயரில் இப்போது தினமும் ஏழு மணிக்கு ஓட்டுகிறார்களே, அந்தத் தொடரிலிருந்து முந்தாநாள் எடுத்தது.

எதிரில் கொழுந்தன் இளங்கோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பூந்தமல்லி பக்கத்து ஷூட்டிங் வீட்டில் செட் சாமான் பார்த்துக்கொள்கிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பாரிவாக்கத்திலிருந்து அண்ணி கைச் சாப்பாட்டுக்குச் சேக்காடு வந்துவிடுவான். போன மாசம் திருத்தணியில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தான். மீசையையும் எடுத்துவிட்டு வந்ததற்கு அவனை அன்றைக்கு முழுக்க ஓட்டினாள்.

சந்தேகம் மைதிலிக்குக் கூடப் பிறந்தது. சிலிண்டர் வந்தால் எடை பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாள். அப்படிப்பட்டவள் ஒரு தொடரைச் சும்மா பார்ப்பாளா?

படத்தில் அம்மாக்காரி நூல் புடவையில் சமைத்தாள். தொடரில் பட்டுக் கட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறாள். படத்தில் தங்கமாக இருந்த நாத்தனார், தொடரில் பாலில் என்னத்தையோ கலக்குகிறாள். எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மூத்த மகன் விஷயத்தைத்தான் விட முடியவில்லை.

படத்தில் அவன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனவன். கூடத்தில் போட்டோவாக மட்டும் இருப்பான். கடைசியில் பானை பொங்கும் நேரம், வாசலில் இரண்டு கால்கள் வந்து நிற்கும். அதோடு படம் முடிந்தது. அந்தக் கால்களை எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

அந்தப் போட்டோவில் இருந்தது அவள் புருஷன் வெங்கட். அவசரத்துக்கு ஒரு போட்டோ வேண்டுமென்று இளங்கோதான் இந்த வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவந்து மாட்டினான். ஒரு சண்டைக்குப் பிறகு வெங்கட் கிளம்பிப் போய் அப்போதே மூன்று வருஷம். இப்போது ஆறு. இன்றைக்கும் வகிட்டில் குங்குமம் வைக்காமல் அவள் வாசல் தெளித்ததில்லை.

தொடரிலும் அதே கூடம், அதே சுவர், அதே வெங்கட்.

ஆனால் சந்தன மாலை போட்டு, கீழே சின்னச் சிவப்பு பல்பு எரியவிட்டிருந்தார்கள்.

“இன்னா இளங்கோ, உயிரோட கீற மனுசனுக்கு மாலை போட்டு வச்சிக்கீறே?”

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “கதைய மாத்திக்கினாங்க அண்ணி. பெரியவன் திரும்பி வந்துட்டா கதை முடிஞ்சிடும்னுட்டாங்க.”

நியாயமான பதில்தான். நியாயமான பதில் என்றாலே மைதிலிக்கு ஆகாது. வெள்ளிக்கிழமை எபிசோடைக் கட்டாயம் பார்க்கச் சொல்லி இவனே எதற்கு இரண்டு தடவை போன் பண்ணினான்?

சுவரைப் பார்த்தாள். வெங்கட்டின் போட்டோ மாட்டிய இடத்திலேயே இருந்தது. சட்டத்தின் மேல் தூசிகூடக் கலையவில்லை. அப்படியானால் இந்தத் தடவை இவன் எதைக் கொண்டுபோய் மாட்டினான்?

மாலையைப் பார்த்துப் பதறியதில் அதற்குள் இருந்ததை அவள் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது படத்தை விரலால் பெரிதாக்கினாள்.

கட்டம் போட்ட சட்டை. அந்தச் சட்டையை அவள் ஒரு நாளும் துவைத்ததில்லை.

காதோரம் இரண்டு பக்கமும் நரைத்திருந்தது. வீட்டை விட்டுப் போன அன்று வெங்கட்டுக்கு ஒரு வெள்ளை முடி கிடையாது.

போனை அவன் முன்னால் நீட்டினாள்.

இளங்கோ பாதிச் சோறு இருக்கும்போதே தட்டில் கையைக் கழுவினான். குனிந்த தலையில் முடி இப்போதுதான் அரை அங்குலம் வளர்ந்திருந்தது.

சிலிண்டரை எடை பார்க்கிறவள், மீசையும் சேர்த்து எடுத்த அந்த மொட்டையை மட்டும் சந்தேகப்படாமல் விட்டிருந்தாள். திருத்தணிக்குப் போனதாகச் சொன்னவன், அன்றைக்கு ஒரு பொட்டலம் விபூதிகூடக் கொண்டுவரவில்லை.