இசக்கியம்மன் குரலில்

என் மகள் முத்தரசிக்கு இனி வைத்தியம் வேண்டாம் என்று முடிவெடுத்தது ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர். அதை என்னிடம் சொன்னது இசக்கியம்மன் குரல்.

டாக்டர் சொன்னால் ஜனங்கள் சண்டைக்கு வருகிறார்களாம். சாமி சொன்னால் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். அதற்காகவே, சேர்க்கும்போதே எங்கள் குலசாமி யாரென்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

“மகளே, அவளை என்னிடம் விட்டுவிடு” என்றது கட்டிலுக்கு மேலே இருந்த ஸ்பீக்கர்.

சாமியிடம் நாங்கள் சண்டை போடமாட்டோம் என்று இவர்களுக்கு எவன் சொன்னான்? என் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்த அன்று, இசக்கி கோயில் வாசலில் மண்ணை வாரித் தூற்றியவள் நான். இன்றும் அதே மாதிரிதான் கத்தினேன்.

“உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாடி? வருஷா வருஷம் பொங்கல் வச்சதுக்கு இதுதான் கூலியா?”

“மன்னிக்கவும். உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது” என்றது அதே குரல்.

“சத்தம் போடாதீங்கக்கா, சாமி பேசுதுல்ல” என்று நர்ஸ் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். உதறினேன்.

“எத்தனை திட்டு திட்டியிருக்கேன். எங்க இசக்கி ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்டதில்ல. டாக்டரக் கூப்பிடு. எம்பிள்ளையச் சாக விடுறவன் எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்.”